ஒன்று கூட்டிப் படித்த சங்கீதங்கள்

காலை ஆறேகால். எல்கடுவைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தின் பிரட்டுக்களத்தில் நான் முதலில் பார்த்தது இரண்டு தகரப் பெட்டிகளை. அன்றைய வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குப் பிரிந்த ஆட்கள் அவற்றைச் சுற்றி வளைந்து போனார்கள். முந்திய இரவு மழை பெய்திருந்தது. மூடியில் சுண்ணாம்பால் எழுதியிருந்த பெயர்கள் கரைந்து, பக்கவாட்டில் கோடு கோடாக இறங்கிக் காய்ந்திருந்தன. 'மண்டபம்' என்ற ஒரு சொல்தான் வாசிக்கிற மாதிரி மிஞ்சியிருந்தது.

வேதாகம அறிவுத் தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று இந்த ஆண்டு ஊழியத்துக்கு வந்திருக்கும் உங்களிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். படிக்கும் முறைகள் உங்களிடமே நிறைய இருக்கும். நான் எப்படிப் படித்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். அது அந்தப் பெட்டிகளிலிருந்துதான் தொடங்குகிறது.

எண்பத்து மூன்று கலவரத்துக்கு முந்தைய ஆண்டு அது. கண்டிக்கு அப்பால் இருந்த இறையியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன் நான். அதற்கு முன் கொழும்பில் ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்தேன். அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பது வேலை. ஓய்வு நேரத்தில் தலைப்பு எழுத்து வரையவும் பழகியிருந்தேன். கல்லூரி எங்களைத் தோட்டங்களுக்குப் பயிற்சிக்கு அனுப்பும். பயிற்சி முடிவில் வேதாகம அறிவுத் தேர்வு நடக்கும். எழுத்துத் தேர்வு ஒன்று, வாய்மொழித் தேர்வு ஒன்று. வாய்மொழித் தேர்வில் பரீட்சகர் ஏதாவது ஒரு பகுதியை வாசிப்பார். அது எந்தப் புத்தகம், எத்தனையாம் அதிகாரம் என்று உடனே சொல்ல வேண்டும். தேறாதவருக்கு மூன்றாம் ஆண்டு இல்லை. பத்திரிகையில் என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். தேறாவிட்டால் மாத்தளையில் அப்பாவின் வீட்டு வாசலில் போய் நிற்பதைத் தவிர எனக்கு வழி இருக்கவில்லை.

அந்த ஆண்டுகளில் தோட்டங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்துக்கொண்டதன்படி, இந்தியக் கடவுச்சீட்டு வந்த குடும்பங்கள் கப்பலேறியாக வேண்டும். சிலர் விரும்பிப் போனார்கள். எழுபத்தேழுக் கலவரத்தில் பட்டதை மறக்காமல் போனவர்களும் உண்டு. பலர் எப்போதோ விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்ததை மறந்துவிட்டு, தேதி வந்ததும் விழித்தார்கள். போகிறவர்கள் தகரப் பெட்டியில் பெயரும், இறங்கும் இடமான மண்டபம் முகாமும், போகும் ஊரும் எழுத வேண்டும். எங்கள் தோட்டத்தில் குடும்பத் தலைவரின் பெயரோடு நிறுத்த மாட்டார்கள். எல்லோருடைய பெயரையும் எழுதுவார்கள். பெட்டி கூட்டத்தில் தவறினால், அவர்களில் யாராவது ஒருவரின் பெயர் யாராவது ஒருவரின் கண்ணில் படும் என்பது கணக்கு.

கரைந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம் கங்காணி வந்தார். பேப்பரில் வேலை செய்தவராமே, எழுத வருமா என்று கேட்டார். வரும் என்றேன். மத்தியானத்துக்குள் ஒரு டின் வெள்ளைப் பெயின்டும் ஒரு பிரஷும் வந்து சேர்ந்தன. அதன் பிறகு என் பயிற்சிக்காலம் பெட்டி எழுதுவதிலேயே போனது. எங்கள் சபையார், ஆர்.சி.காரர், கோயிலுக்குப் போகிறவர்கள் என்று எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தகரத்தில் எழுத சமதளம் வேண்டும், நிழலும் வேண்டும். அப்படி இருந்த ஒரே இடம் பிள்ளைக்காம்பராவின் சிமெந்து முற்றம். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது.

அங்கே பிள்ளை பார்த்தவள் செபமாலை. தோட்டத்துக் கத்தோலிக்கச் சிற்றாலயத்தில் செபம் சொல்லிவைக்கும் உபதேசியாரின் மூத்த மகள். மத்தியானப் பால் கொடுத்ததும் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் அவள் வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு தொட்டிலின் கயிற்றைக் கால் பெருவிரலில் கோத்து ஆட்டிக்கொண்டிருப்பாள். நான் முற்றத்தில் மண்டியிட்டு எழுதுவேன். வாய்க்குள் அதிகாரங்களை ஒப்புவித்துக்கொண்டும் இருப்பேன்.

இப்படி முணுமுணுத்தால் யார் திருத்துவது என்று ஒரு நாள் அவள் கேட்டாள். கை முழுக்கப் பெயின்ட், புத்தகத்தைத் தொட முடியாது என்றேன். தான் வாசித்துக் கேட்பதாகச் சொன்னாள். என் வேதாகமம் படியில்தான் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"ஒங்க சபை வேதத்த எடுத்தா அப்பா ஏசுவாரு. எங்க வீட்டுல இருக்கிறத கொண்டுவாறேன்."

அடுத்த நாள் கொண்டுவந்தது உபதேசியாரின் பழைய பெரிய வேதாகமம். முதுகு கிழிந்து, துணி ஒட்டித் தைத்திருந்தது. இந்த வகுப்பில் பலருக்குத் தெரிந்திருக்காது: அன்று அவர்களுடைய தமிழ் வேறு, நம்முடைய தமிழ் வேறு. நமக்குப் பவுல், அவர்களுக்குச் சின்னப்பர். நமக்குப் பேதுரு, அவர்களுக்கு இராயப்பர். அவள் சின்னப்பர் என்று வாசிப்பாள். நான் மனதுக்குள் பவுல் என்று மாற்றிக்கொள்வேன். அது சுலபம்.

சங்கீதத்தில்தான் சண்டை வந்தது. மேய்ப்பனைப் பற்றிய சங்கீதத்தை அவள் வாசித்தாள். இருபத்து மூன்று என்றேன். பிழை என்றாள். இருபத்து மூன்று தெரியாதவன் ஞாயிறு பாடசாலையிலேயே தேற மாட்டான் என்றேன். அவள் விரலை எண்ணின் மேல் வைத்துக்கொண்டு, தூங்கும் பிள்ளைகளுக்காகக் குரலைத் தாழ்த்தி, "சின்னையரே, இங்க இருபத்தி ரெண்டுன்னுதான் போட்டிருக்கு. நீங்க பேப்பர்ல பெழ பாத்த லெச்சணம் இதுதானா?" என்றாள்.

தோட்டத்தில் உதவி நிர்வாகியைச் சின்னத்தொரை என்பார்கள். போதகரை ஐயர் என்பது பழைய வழக்கம். இரண்டையும் முடிந்து எனக்குச் சின்னையர் என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

நான் கையைத் துடைத்துவிட்டு என் புத்தகத்தை எடுத்து வந்தேன். காய்ந்திருந்த ஒரு பெட்டியின் மூடியில் இரண்டு வேதாகமங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். அவளுடையதில் ஐம்பது, என்னுடையதில் ஐம்பத்தொன்று. அவளுடையதில் தொண்ணூறு, என்னுடையதில் தொண்ணூற்றொன்று. நாலைந்து இடம் புரட்டிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் ஒன்று வித்தியாசம்.

"அப்ப ஒங்க சபைக்கு ஒரு சங்கீதம் கூடவா?" என்று கேட்டாள்.

கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். இரண்டிலும் நூற்றைம்பதுதான். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். முடிவு ஒன்றாக இருந்தால் வித்தியாசம் எங்கோ தொடங்கி எங்கோ மறைந்திருக்க வேண்டும். பிழை பார்த்துச் சம்பளம் வாங்கியவனுக்கு அது தோன்றவில்லை. ஒரு விதி கிடைத்துவிட்ட சந்தோஷம் அப்படி. அவள் புத்தகத்தில் இருப்பதோடு ஒன்று கூட்டினால் என் விடை. அன்றிலிருந்து அவள் சங்கீதங்களை எண்ணோடு சேர்த்தே வாசித்தாள். நான் ஒன்று கூட்டிச் சொன்னேன். பிரஷ் தகரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். தொட்டில் கயிறு முனகும். கீழே மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களின் பேச்சு காற்று திரும்பும்போது மட்டும் கேட்கும். நாற்பது ஆண்டுகளாகப் பிரசங்க மேடையில் நின்று வாசித்திருக்கிறேன். சங்கீதங்களை நான் வாசிக்கும்போதெல்லாம் என் காதில் முதலில் விழுவது அந்தத் தாழ்ந்த குரல்தான், ஓர் எண் குறைவாக.

தோட்டத்தில் எல்லோரும் அவளைத் தங்கச்சி என்றோ மகள் என்றோ கூப்பிட்டார்கள். நான் எந்த முறையும் வைக்கவில்லை. பெயரையும் சொல்லவில்லை. கூப்பிட வேண்டி வந்தால் இருமுவேன், அல்லது பெயின்ட் டின்னைத் தட்டுவேன். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கங்காணி கவனித்திருந்தார். சின்னையர் சபை மாறப்போகிறாரா, பிள்ளை சபை மாறப்போகிறதா என்று பிரட்டுக்களத்தில் கேட்டு நாலு பேரைச் சிரிக்கவைத்தார். உபதேசியாரும் கவனித்திருந்தார். அவர் சிரிக்கவில்லை.

அவர்களுக்கும் கடவுச்சீட்டு வந்திருந்தது. கோத்தகிரிப் பக்கம் ஒரு தூரத்து உறவு இருந்தது. தேர்வுக்கு நான் கல்லூரிக்குத் திரும்ப வேண்டிய நாளுக்கு முதல்நாள், உபதேசியார் தன் பெட்டியைத் தானே தோளில் சுமந்து வந்து முற்றத்தில் இறக்கினார். புதுப் பெட்டி, கறுப்பு வர்ணம். தேர்வு முடிந்த வாரக் கடைசியில்தான் அவர்களுடைய பயணம். அதற்குள் நான் திரும்பி வந்துவிடுவேன் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வரிசையைச் சொன்னார். தன் பெயர், மனைவி பெயர். பிறகு நிறுத்தினார். சின்ன மகன்கள் இருவரின் பெயர்களைச் சொன்னார். மூத்தவளின் பெயரைச் சொல்லவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"மூத்தவ பேரை எழுதணுமா வேணாமான்னு நீங்களே யோசிச்சு எழுதுங்க, தம்பி," என்றார். "நான் ஒண்ணும் சொல்லல்ல."

ஒரு தகப்பன் அதைவிடக் கௌரவமாகக் கேட்க முடியாது. நான் இலங்கைப் பிரஜாவுரிமை உள்ளவன். என்னைக் கட்டினால் அவள் இங்கே தங்கலாம். அதை அவர் விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தார். என் பக்கத்தில் இருந்தவை வேறு. படிப்பு முடியும்வரை மாணவர் திருமணம் செய்யக்கூடாது என்பது கல்லூரி விதி. கத்தோலிக்கப் பெண் என்றால் விதிக்கு அப்பாலும் பேச்சு வரும். தேர்வு நாளை மறுநாள். இதையெல்லாம் அவரிடம் நான் சொல்லவில்லை. அவர் பதிலுக்கு நிற்கவும் இல்லை. பிள்ளைக்காம்பராவின் படியை ஒரு முறை பார்த்துவிட்டு மலைக்கு ஏறிப் போனார்.

நான் நான்கு பெயர்களை எழுதினேன். தாயின் பெயருக்கும் மகன்களின் பெயருக்கும் நடுவே ஒரு வரி அளவு இடம் விட்டேன். கீழே மண்டபம், அதன் கீழே கோத்தகிரி.

பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு செபமாலை வந்து பெட்டியைப் பார்த்தாள். மேலிருந்து கீழாக ஒரு முறை வாசித்தாள்.

"பெயின்ட் முடிஞ்சிருச்சா?"

"பரீட்சை முடிஞ்சு வந்து எழுதுறேன்," என்றேன்.

அவள் குனிந்து டின்னின் மூடியை நகர்த்திப் பார்த்தாள். "டின்னுல இருக்கே," என்றாள். பிறகு போய்ப் படியில் உட்கார்ந்து, வேதாகமத்தை விரித்து, எங்கே விட்டோம் என்று கேட்டாள். அன்றும் வாசித்தாள். குரலில் மாற்றம் இல்லை.

வாய்மொழித் தேர்வை எடுத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர். மேசையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்பார். ஆதியாகமத்தில் தொடங்கினார். நான் தடுமாறவில்லை. தீர்க்கதரிசிகள், நிருபங்கள், எல்லாம் சொன்னேன். பிறகு சங்கீதம். மூன்று கேட்டார், மூன்றும் சரி. நாலாவதாக, இரவு வானத்தையும் நிலாவையும் பார்த்து, இவற்றின் முன் மனிதன் எம்மாத்திரம் என்று வியக்கிற சங்கீதத்தை வாசித்தார்.

செபமாலை அதை எட்டு என்று வாசித்தது நினைவில் இருந்தது. ஒன்று கூட்டி, ஒன்பது என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இன்னும் இரண்டு சங்கீதம் கேட்டார். ஒன்று நடுவிலிருந்து, ஒன்று கடைசியிலிருந்து. நடுவில் இருந்ததைச் சரியாகச் சொன்னேன். கடைசிச் சங்கீதத்துக்கு முந்தியதில் மறுபடி ஒன்று கூடிவிட்டது.

"நீர் ஆற்றை வேதாகமத்திலை படிச்சனீர்?" என்று கேட்டார்.

யாருடைய வேதாகமம் என்று கேட்டதிலேயே அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று புரிந்தது. எப்படி என்று புரியவில்லை. பிறகு அவரே விளக்கினார். பழைய கத்தோலிக்க வேதாகமத்தில் ஒன்பதும் பத்தும் ஒரே சங்கீதமாக இருக்கும். அங்கிருந்துதான் எண் ஒன்று குறையும். நம்முடைய நூற்று நாற்பத்தேழு அதில் இரண்டாகப் பிரிவதால் கடைசியில் மறுபடி சமமாகும். முதல் எட்டிலும் கடைசி மூன்றிலும் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. நடுவில் சரியாகவும் இரண்டு ஓரத்திலும் ஒன்று கூடுதலாகவும் சொல்கிறவன் எப்படிப் படித்திருப்பான் என்று அவருக்கு ஊகிக்கத் தெரிந்திருந்தது.

யார் வாசித்தது என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் அந்த அறையில் எனக்கு வந்த கடினமான கேள்வி அதுதான். நானாகப் படித்தேன் என்று சொல்லியிருக்கலாம், யாரும் மறுக்கப்போவதில்லை. பெயரைச் சொன்னால் அவளைப் பற்றியும் என்னைப் பற்றியும் நிர்வாகக் குழுவில் பேச்சு எழும். நான் பெயரைச் சொன்னேன். தோட்டத்தையும், பெட்டிகளையும், உபதேசியார் கேட்டதையும், விட்ட இடத்தையும் சொன்னேன். அவளுடைய பெயரை நான் வாயால் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

அவர் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டார். தேர்வு முடிந்தது என்பதற்கு அது அடையாளம்.

"அந்தப் பிள்ளை வாசிச்சதிலை பிழை இல்லை," என்றார். "நீர் கூட்டினதுதான் பிழை." கதவு வரை வந்து, "பஸ் எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

தேறிவிட்டேன். முடிவை மறுநாள்தான் எழுதி ஒட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன். பயணத்துக்கு இன்னும் நாள் இருந்தது. மாத்தளைக்கு வந்து, காலை முதல் பஸ்ஸில் எல்கடுவைக்கு ஏறினேன். பஸ்ஸில் இருக்கும்போதே சொற்களைத் தயார் செய்துவிட்டேன். ஒன்றும் எழுத வேண்டாம், படிப்பு முடியும்வரை இரண்டு வருடம் பொறுங்கள் என்று உபதேசியாரிடம் சொல்வதாக இருந்தது.

பிரட்டுக்களத்தில் கங்காணி மட்டும் நின்றார். கீழே டவுனில் ஏதோ குழப்பம் வரும் என்று பேச்சு அடிபட்டதாம். றோட்டு மூடிவிட்டால் கப்பல் தவறிவிடும் என்று பயந்து, போக இருந்த குடும்பங்களெல்லாம் சேர்ந்து ஒரு லொறி பிடித்து, முதல்நாள் காலையிலேயே கண்டி ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்களாம். குழப்பம் ஒன்றும் வரவில்லை. அன்று பகிடி பண்ணிச் சிரிக்கவைத்தவர் இப்போது என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

பெட்டியில் இடம் விட்டிருந்தேனே என்று கேட்டேன்.

"அந்தப் புள்ளதான் எழுதிச்சு, ஐயரே. லொறி வந்து நிக்கிது, அப்பன் ஏசுறாரு, இது குந்திக்கிட்டு நிதானமா எழுதுது. ஒங்க எழுத்து மாதிரியே இருந்திச்சு. நான் நீங்கதான் எழுதினதுன்னு நெனச்சேன்."

நான் பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். படியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயின்ட் டின் இறுக்கி மூடியிருந்தது. பிரஷை மண்ணெண்ணெயில் கழுவி, மயிரைக் கூர்ப்படுத்தி, டின்னின் மேல் வைத்திருந்தது.

உங்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு உண்டு. விதி ஒன்று கிடைத்தால் அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று முதலில் பாருங்கள். நடுவில் மட்டும் சரிபார்த்துவிட்டு நம்பாதீர்கள். மற்றது, இடம் விட்டு வைப்பதும் ஒரு பதில்தான். நீங்கள் அதைப் பதிலாக நினைக்காமல் இருக்கலாம். எதிரில் நிற்பவர் வாசித்துவிடுவார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, வில்கமுவப் பக்கம் வயல் வேலைக்கு இருந்த ஒரு குடும்பம், ஊரில் பதற்றமாக இருந்த ஒரு மாலை, இருக்கவா போகவா என்று என்னிடம் வந்து கேட்டது. யோசித்து நாளைக்குச் சொல்கிறேன் என்று அவர்களிடம் நான் சொல்லவில்லை. போங்கள் என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன். சரியா பிழையா என்று இன்றும் தெரியாது. சொன்னேன்.

சபை மாநாட்டுக்காக ஒரு முறை தமிழ்நாட்டுக்குப் போனேன். இரண்டு நாள் மிச்சம் இருந்தது. கோத்தகிரிக்குப் பஸ் ஏறினேன். இறங்கிய இடத்தில் ஒரு தேநீர்க் கடை. பெஞ்சில் இருந்தவர்கள் லயம் என்றும் பிரட்டு என்றும் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மலையின் பேச்சு. கடைக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். மாத்தளை என்றேன். அவர் தேநீருக்குக் காசு வாங்க மறுத்து, யாரைத் தேடி வந்தீர்கள் என்று கேட்டார். சும்மா பார்க்க வந்தேன் என்றேன். எதிரே மலைச்சரிவில் தேயிலை, இடையிடையே ஓட்டு வீடுகள். மாலை வரை அங்கே உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசி பஸ்ஸில் இறங்கினேன்.

பின்னாளில் கத்தோலிக்கரும் நாமும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு ஒன்று வந்தது. உங்களில் பலர் கையில் இப்போது இருப்பது அதுதான். அதில் பேதுருவும் பவுலும் எல்லோருக்கும் பேதுருவும் பவுலும்தான். சங்கீதங்களுக்கும் ஒரே எண். ஒன்று கூட்ட வேண்டியதில்லை.